கன்னியம்மாள் பார்த்த ஊர்கள்

ரயில்வே பாஸை நம்புவதானால், திருத்தணி கன்னியம்மாள் ஊர் சுற்றுவதில் பெரிய கில்லாடி. காசியில் முழுகியிருக்கிறாள். டெல்லிக் குளிரில் பல் கிட்டித்துப் போய் நின்றிருக்கிறாள். தாஜ்மகாலைச் சுற்றிவிட்டு, கால் வலி தாங்காமல் புல்லில் உட்கார்ந்திருக்கிறாள். பம்பாயில் மாடி பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கியிருக்கிறாள். நிஜத்தில் அவள் பிறந்தது பொதட்டூர்பேட்டை, இருப்பது திருத்தணி, போய்வந்த தூரதேசம் அரக்கோணம் பெரியாஸ்பத்திரி.

அவளுடைய அண்ணன் ராஜகோபால் அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். ரயில்வேக்காரர்களுக்குக் குடும்பத்தோடு போய்வர இலவச பாஸ் உண்டு. அப்பா இல்லாத வீட்டில், அண்ணனை அண்டியிருக்கும் விதவைத் தங்கையின் பெயரையும் அதில் சேர்க்கலாம். ராஜகோபால் மறக்காமல் சேர்த்தார். ஆனால் அந்தப் பெயரில் வண்டியேறியது கன்னியம்மாள் அல்ல. அவருடைய மனைவி கோமளவல்லியின் தங்கை ஜெயம்மாள். அவள் புருஷன் சிங்காரம் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி போட்டு, கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்தான்.

இதில் யாருக்கும் பெரிதாக உறுத்தவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா? பசுமாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது? கோமளவல்லிக்குப் பேச்சுத்துணை வேண்டும், ஜெயம்மாளுக்கு ஊர் பார்க்கும் ஆசை, பாஸில் ஒரு இடம் சும்மா கிடக்கிறது. கன்னியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை. அவளும் ஏன் என்று கேட்டதில்லை. புறப்படுகிற நாளில் விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறி வாழையிலையில் கட்டிக்கொடுப்பாள். அவர்கள் படியிறங்கும் நேரத்தில் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவாள். விதவை எதிரே வந்தால் பயணம் விளங்காது. பூவும் பொட்டுமாக, தண்ணீர்க் குடத்தோடு ஜெயம்மாள்தான் சகுனத்துக்கு எதிரே வருவாள். அதே ஜெயம்மாள் அரக்கோணம் தாண்டியதும் விதவையாகிவிடுவாள் என்பதுதான் வேடிக்கை.

ஆமாம், ஆகித்தான் தீரவேண்டும். பாஸில் விதவைத் தங்கை என்று எழுதியிருக்கிறது. டிக்கெட் பரிசோதகர் வரும்போது நெற்றியில் காலணா அளவு குங்குமத்தோடு உட்கார்ந்திருக்க முடியுமா? கறுப்புக் கோட்டு அடுத்த தடுப்பில் தெரிந்ததுமே கோமளவல்லி, "ஏய், வராரு" என்பாள். ஜெயம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைப்பாள், பூவை உருவிக் கூடையில் போடுவாள், வளையலைக் கழற்றுவாள், தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் போனதும் கோமளவல்லி குங்குமச் சிமிழை நீட்டி, "போயிட்டாரு, வெச்சிக்கடி" என்பாள். முதல் தடவை ஜெயம்மாள் அழுதுவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த ராஜகோபால் மலை முருகனுக்கு ஒரு அபிஷேகம் வேண்டிக்கொண்டார். அப்புறம் அது பல் விளக்குவது மாதிரி சாதாரணமாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் ராஜகோபாலைக் கையில் பிடிக்க முடியாது. காலையில் திருத்தணி ஸ்டேஷனில் அரக்கோணம் பாசஞ்சருக்கு நிற்கும் கூட்டத்துக்கு அவர்தான் செய்தித்தாள். "தாஜ்மகால் நல்லாத்தான் கட்டிகீறான். ஆனா குடிக்கத் தண்ணி இல்ல" என்பார். "காசில படகுக்காரன் நம்மள மொட்டை அடிக்காம மொட்டை அடிப்பான்" என்பார். எந்த ஊரைச் சொன்னாலும் கடைசியில் நம்ம மலையைப் போல வராது என்று முடிப்பார். பம்பாய் போய்வந்த வருஷம் அவர் அதிகம் சொன்னது பம்பாயைப் பற்றி அல்ல, வண்டியில் வந்த ஒரு பரிசோதகரைப் பற்றி.

அந்தப் பரிசோதகர் பெயர் வேதாசலம். அரக்கோணத்தில் ஏறி குண்டக்கல் வரைக்கும் வருகிறவர். பாஸை வாங்கிப் படித்துவிட்டு, வெறும் நெற்றியோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயம்மாளையே கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். "இந்த வயசுலயா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். ரேணிகுண்டாவில் இறங்கிப் போனவர் ஒரு பை சாத்துக்குடியோடு வந்து, "அழாதம்மா. கூடப் பொறந்தவரு இருக்காரு. என் பொண்ணும் இப்படித்தான் வந்து நிக்குது, மூணு மாசம் ஆவுது" என்று சொல்லி அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாராம்.

"எங்க ஜெயம்மா சிரிப்ப அடக்க முடியாம முந்தானைய வாயில திணிச்சிகினா. அவரு அழுவறான்னு நெனச்சிகினாரு!" என்று ராஜகோபால் சொல்லும்போது பிளாட்பாரமே சிரித்தது. சாத்துக்குடி நல்ல ருசி என்றும் சொன்னார்.

அந்தப் பயணத்தில் கன்னியம்மாளுக்கும் ஒன்று வாங்கி வந்தார். திரும்பும் வழியில் சோலாப்பூர் பிளாட்பாரத்தில் கெட்டிப் போர்வை விற்றுக்கொண்டு வந்தார்கள். பேரம் பேசி ஒன்று வாங்கி, "இந்தா, உனக்குத்தான்" என்று அவளிடம் கொடுத்தார். நெசவுக்காரப் பெண், கையில் வாங்கியதும் பாவு நூலையும் ஊடை நூலையும் தடவிப் பார்த்தாள்.

"எந்த ஊருது அண்ணா?"

"சோலாப்பூரு."

அவள் போர்வையைத் தடவுவதை நிறுத்தினாள். "வண்டி அங்க நிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் ராஜகோபாலுக்கு உறைத்தது. அவளுடைய புருஷன் பச்சையப்பன் கல்யாணமான மறு வருஷமே சோலாப்பூர் மில்லுக்குத் தறி ஓட்டப் போனவன். போன இடத்தில் ஜுரம் கண்டு செத்தான். கூட வேலை செய்தவர்கள் அங்கேயே எரித்துவிட்டுத் தகவல் அனுப்பினார்கள். பத்தொன்பது வயசில் அவளுக்குக் கிடைத்தது ஒரு தந்தியும், யாரோ கொண்டுவந்து கொடுத்த அவனுடைய ஒரு சட்டையும்தான். அந்த ஊர் வழியாகப் போய், அந்த ஊர் வழியாகத் திரும்பி, பிளாட்பாரத்தில் இறங்கிப் பேரமும் பேசியிருக்கிறார். ஒரு தடவைகூட அது நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் மறுநாள் பிளாட்பாரத்தில் சாத்துக்குடிக் கதையைச் சொல்லத்தான் செய்தார்.

ஒரு மாசம் கழித்து, சோறு போட்டுக்கொண்டே கன்னியம்மாள் கேட்டாள். அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, அடுத்த தடவ என்னையும் கூட்டிகினு போறியா? வேற எங்கயும் வேணாம். அவரு இருந்த ஊர ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்."

"அதுக்கென்ன, போலாம்" என்றார். போலாம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்கிறோம், அந்த மாதிரிதான் சொன்னார்.

அது நிறைவேறியதற்குக் காரணம் சிங்காரம். ஜெயம்மாள் தறிவீட்டில் நாலு பெண்களோடு சிரிக்கச் சிரிக்கப் பேசும்போது, பொட்டைத் துடைத்துக்கொள்ளும் கதையை உளறிவிட்டாள். அது சிங்காரம் காதுக்குப் போயிற்று. அவன் பஸ் பிடித்துத் திருத்தணி வந்து, தெருவில் நின்று கத்தினான். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல என் பொண்டாட்டி தாலிய ஒளிச்சிகினு ஊர் சுத்துனாளா? ஓசி ரயிலுக்கு என்னயே பாடையில ஏத்துவீங்களா சகல?" என்றான். அக்கம்பக்கம் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. ராஜகோபால் அவனை உள்ளே இழுத்துப்போகப் படாதபாடு பட்டார்.

ஆக, ஜெயம்மாள் இனி வரமாட்டாள். பாஸில் இடம் காலி. அந்த வருஷம் பண்டரிபுரம் போவதாக முடிவு. சோலாப்பூர் தாண்டித்தான் போகவேண்டும். ராஜகோபால் தங்கையைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் உனக்கோசரம்தான் இந்த ஊர் வெச்சேன்" என்றார். கொஞ்சமும் கூசாமல் சொன்னார். அவள் நம்பினாள். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தச் சட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதை அங்கே ஏதாவது தண்ணியில் விட்டுவிட வேண்டும் என்று கோமளவல்லியிடம் சொன்னாள்.

புறப்படுகிற அன்று ஒரு சிக்கல் வந்தது. கன்னியம்மாளும் கூட வருகிறாள் என்றால் சகுனம் என்னாவது? கோமளவல்லி யோசித்து, அவளைக் கொல்லைக் கதவு வழியாக முன்னாலேயே ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டாள். அவள் அதையும் குறையாக நினைக்கவில்லை. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, பிளாட்பாரத்தில் பையை அணைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயசு. பார்த்தால் நாற்பது சொல்லலாம்.

அரக்கோணத்தில் பம்பாய் வண்டியில் ஏறினார்கள். அவர்கள் வந்த வழியே வண்டி திரும்பித் திருத்தணியில் நிற்காமல் பாய்ந்து போனது. மலை தெரிந்ததும் கன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நம்ம ஊரா இது? ஓடற வண்டியில இருந்து பாத்தா வேற மாதிரி கீது" என்று அண்ணன் மகள் லோகநாயகியிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ராஜகோபால் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவருக்கே மனசு குளிர்ந்துவிட்டது. நாம் அவ்வளவு மோசமான ஆளில்லை என்று நினைத்துக்கொண்டார்.

புத்தூர் தாண்டியதும் கறுப்புக் கோட்டு வந்தது.

பழக்கதோஷத்தில் கோமளவல்லி, "ஏய், வரா—" என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை துடைக்க யாருக்கும் பொட்டில்லை. உண்மையான பாஸ், உண்மையான தங்கை, உண்மையான வெறும் நெற்றி. ராஜகோபால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாஸை நீட்டினார். வாங்கியவர் வேதாசலம்.

"அட, பார்சல் ஆபீஸ் சார்!" வேதாசலத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போன வருஷம் இதே வண்டியில பாத்தோமே. பம்பாய் போனீங்க. நல்லா கீறீங்களா?"

"ஆங்… நல்லா கீறோம் சார்."

"தங்கச்சி எப்படி கீது? அதான் சார், கன்னியம்மாள். பேரு மறக்கவே இல்ல எனக்கு."

தன் பெயரைக் கேட்டதும் கன்னியம்மாள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். முன்பின் தெரியாத ஒரு பெரிய மனுஷர், கோட்டுப் போட்டவர், ஓடுகிற ரயிலில் தன்னை விசாரிக்கிறார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூச்சத்தோடு வாய் திறந்தாள். அதற்குள் ராஜகோபால் முந்திக்கொண்டார்.

"அவளுக்கு உடம்பு சரியில்ல சார். வரல."

வாய் திறந்தபடி கன்னியம்மாள் அண்ணனைப் பார்த்தாள்.

ராஜகோபாலின் பயம் என்ன என்பதைச் சொல்லிவிடவேண்டும். போன வருஷம்தான் ரயில்வே ஸ்டிரைக் நடந்து அடங்கியது. எத்தனையோ பேருக்கு வேலை போயிருந்தது. மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்ததற்காக ராஜகோபாலுக்கும் ஒரு மெமோ வந்து, இன்னொரு தப்பு தெரிந்தால் தொலைந்தாய் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். இவள்தான் கன்னியம்மாள் என்றால், போன வருஷம் வந்தவள் யார் என்ற கேள்வி வரும். அது வந்தால் காசி, டெல்லி, ஆக்ரா எல்லாம் வரிசையாக வெளியே வரும். இவ்வளவும் அவர் மனசில் கணக்காக ஓடியதா என்றால் இல்லை. பயம் நாக்கில்தான் முதலில் வந்தது.

"அப்ப இந்தம்மா யாரு?" வேதாசலம் பாஸைத் திரும்பவும் பார்த்தார். "பாஸ்ல வேற யாரும் இல்லயே."

லோகநாயகி, "அத்—" என்றாள். கோமளவல்லி அவள் தொடையில் கிள்ளினாள்.

"எங்க வூட்டு வேலைக்காரிங்க சார்" என்றார் ராஜகோபால். "புள்ளைய பாத்துக்க, சமைக்க… வழில ஒத்தாசைக்கு இருக்கட்டும்னு கூட்டிகினு வந்தோம்."

எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் கன்னியம்மாளைப் பார்த்தார்கள். அவள் பெஞ்சிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போனாள். வேலைக்காரி அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளாகத்தான் நகர்ந்தாள்.

வேதாசலத்தின் சிரிப்பு போய்விட்டது. "தங்கச்சி பாஸ்ல வேலைக்காரியா? அந்தப் பொண்ண வூட்ல போட்டுட்டு, அது இடத்துல வேலைக்காரிய ஏத்திகினு ஊர் சுத்த வந்துட்டீங்களா? நீங்கள்லாம் மனுஷங்களா சார்?" குரல் உயர்ந்தது. "போன வருஷம் உங்களப் பாத்துட்டுப் போயி என் பொண்டாட்டிகிட்ட இன்னா சொன்னேன் தெரியுமா? பாருடி, ஒரு அண்ணன், தாலியறுத்துட்டு வந்த தங்கச்சிய ஊர் ஊரா கூட்டிகினு போறான், நாம பெத்த பொண்ணையே மூலைல ஒக்கார வெச்சிகீறோம்னு சொன்னேன். அதுக்கு அப்புறம்தான் என் பொண்ண டீச்சர் டிரெய்னிங்ல சேத்தேன். உங்களப் பாத்துத்தான் சார் சேத்தேன்."

ராஜகோபால் தலை குனிந்துகொண்டார். பேர் மாற்றி வந்த பழிக்கு ஆயிரம் சமாதானம் வைத்திருந்தார். ஆனால் இந்த மனுஷர் ஒன்றும் தெரியாமலே சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். காது இரண்டும் நெருப்பாக எரிந்தது.

"எழுதி அனுப்புனா உங்க வேலை போயிடும்" என்றார் வேதாசலம். "ஆனா உங்க வேலை போனா அந்தப் பொண்ணுக்கு யாரு சோறு போடுவா? அது மூஞ்சிக்காக விடறேன்."

கன்னியம்மாள் அப்போதுதான் பேசினாள். "அவர ஒண்ணும் செஞ்சிடாதீங்க சாமி. நான்தான் ஊர் பாக்கணும்னு நச்சரிச்சேன். அவரு மேல தப்பில்ல."

"உன் பேர் என்னம்மா?"

அவள் கோமளவல்லியை ஒரு பார்வை பார்த்தாள். "ஜெயம்மாளுங்க" என்றாள்.

கோமளவல்லி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

வேதாசலம் நல்ல மனுஷர், கோபத்திலும் நல்ல மனுஷர். கொஞ்சம் தணிந்து, "சரி, எங்க போறீங்க, பண்டரிபுரமா? இந்தம்மாவுக்கு அதுவரைக்கும் டிக்கெட் எழுதித் தரேன். பணத்தக் கட்டிடுங்க. ஆசைப்பட்டு வந்துடுச்சி, அதுவும் நாலு ஊர் பாக்கட்டும்" என்றார்.

பணம் ராஜகோபாலின் பையில் இருந்தது. கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் மறுநாள் விடியும்போது அவள் சோலாப்பூரில் நின்றிருப்பாள். ஆனால் வேதாசலம் குண்டக்கல் வரைக்கும் இதே வண்டியில் இருப்பார். போகவர இந்தப் பக்கம் வருவார், பேச்சுக் கொடுப்பார். லோகநாயகி ஒரு தடவை அத்தை என்றால் போதும்.

"வேணாம் சார்" என்றார் ராஜகோபால். "ரேணிகுண்டால எறங்கி வூட்டுக்குப் போவட்டும். மாடு வேற இருக்குது."

அவர் எத்தனையோ ஊர்களைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறார். அவர் வாழ்நாளில் பேசிய பேச்சுகளிலேயே கேவலமானது இந்த நாலு வார்த்தைதான். அது அவருக்கே அப்போதே தெரிந்தது. தெரிந்தும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ரேணிகுண்டாவில் அவளை அரக்கோணம் பாசஞ்சரில் ஏற்றிவிட அவரும் இறங்கினார். இருவரும் எதிர் பிளாட்பாரத்துக்கு நடந்தார்கள். அவள் பையை அவர் வாங்கப் பார்த்தார், அவள் கொடுக்கவில்லை. வேதாசலம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்காரியின் பையை எஜமான் தூக்கினால் நன்றாகவா இருக்கும்?

"வேற வழி தெரியல கன்னியம்மா. வேலை போயிட்டா எல்லாரும் நடுத்தெருவுல நிக்கணும்."

"தெரியுதுண்ணா. நீ போ. வண்டி எடுத்துடப் போறான்." பிறகு பையைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "இத மட்டும் அங்க எங்கனா தண்ணில விட்டுடு. தண்ணி இல்லன்னா பரவால்ல, எறங்கி அந்த மண்ணுல ஒருதரம் வெச்சி எடு. போதும்."

அவர் தலையாட்டினார். அண்ணன் தங்கை பேசுகிற மாதிரி தெரியக்கூடாது என்று சட்டையை அவசரமாகக் கக்கத்தில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தார்.

மறுநாள் விடிகாலையில் வண்டி சோலாப்பூரில் நின்றது. போர்வைக்காரர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் கூவிக்கொண்டு வந்தார்கள். வேதாசலம் எப்போதோ இறங்கிப் போயாயிற்று. இனிமேல் பயப்பட யாருமில்லை. கோமளவல்லி அவர் தோளைத் தட்டி, "சோலாப்பூரு வந்துடுச்சிங்க. எறங்கலயா?" என்றாள். ராஜகோபால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு தூங்குகிறவர் மாதிரி கிடந்தார். சட்டை தலைமாட்டுப் பையில் இருந்தது. எந்த மூஞ்சியோடு இறங்குவது? அவள் நிற்கவேண்டிய மண்ணில் போய் நிற்க அவருக்குக் கால் வரவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் வெகுநேரம் போர்வையை விலக்கவில்லை. திரும்பி வரும்போதும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். ஒன்றும் கேட்கமாட்டாள் என்று நினைத்தார். கேட்டாள்.

"விட்டியாண்ணா?"

"ஆங். விட்டேன்."

"தண்ணி நெறய இருந்துச்சா?"

"இருந்துச்சி" என்றார். எந்த ஊரைப் பற்றியும் அரைமணி பேசக்கூடியவருக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் அரக்கோணம் போகும்போது சட்டையைக் கொண்டுபோய் ஆபீஸ் அலமாரியில் பழைய கோணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். பிளாட்பாரத்தில் பண்டரிபுரம் எப்படி என்று கேட்டவர்களிடம், "கூட்டம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து வந்த கிருத்திகை. கோமளவல்லியும் பிள்ளையும் மலைக்குப் போயிருந்தார்கள். ராஜகோபால் உள் அறையில் படுத்திருந்தார். வாசலில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது.

"சார்! பார்சல் ஆபீஸ் ராஜகோபால் சார் வூடு இதுதானுங்களா?"

வேதாசலத்தின் குரல். ராஜகோபால் எழுந்து உட்கார்ந்தார், வாசலுக்குப் போகவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அட, ஜெயம்மா! நீ ஒழுங்கா வந்து சேந்துட்டியா? இது என் பொண்ணு. பரீட்சை எழுதப் போவுது. மலைக்கு வந்தோம், அப்படியே கன்னியம்மாவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். ஒடம்பு தேவலையா அதுக்கு?"

ராஜகோபால் வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் கன்னியம்மா என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது. சத்தியமாக வேண்டிக்கொண்டது. சொல்லிவிடுவாளோ என்று இன்னொரு மனசு நடுங்கியது.

"அவங்க ஊர்ல இல்லீங்க" என்றாள் கன்னியம்மாள். "சோலாப்பூரு போயிகீறாங்க. அவங்க வூட்டுக்காரரு செத்த ஊருங்க அது. பாக்கணும் பாக்கணும்னு சொல்லிகினு இருந்தாங்க. அவங்க அண்ணன்தான் அனுப்பி வெச்சாரு."

"அனுப்பி வெச்சிட்டாரா? நெசமாவா?" வேதாசலத்தின் குரல் மலர்ந்தது. "நான் அன்னிக்கி என்னென்னமோ பேசிட்டேன் மனுஷன. எங்க அவரு? சார்!"

இனி வெளியே வராமல் இருக்க முடியாது. ராஜகோபால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். வேதாசலம் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிக்குங்க சார். அன்னிக்கி நான் பேசுனத மனசுல வெச்சிக்காதீங்க. நல்ல காரியம் பண்ணீங்க" என்றார். பிறகு மகளிடம் திரும்பி, "நான் சொன்னேனே, இவருதாம்மா. இவரப் பாத்துத்தான் உன்ன படிக்க அனுப்புனேன். விழுந்து கும்பிடு" என்றார்.

நெற்றியில் பொட்டில்லாத, ஒல்லியான அந்தப் பெண் குனிந்து ராஜகோபாலின் காலைத் தொட்டாள். காலைப் பின்னால் இழுத்துக்கொள்ள நினைத்தார், இழுக்கவில்லை. இவள் காலில்தான் நான் விழவேண்டும், இதோ கதவோரம் நிற்கிறாளே இவள் காலிலும் விழவேண்டும் என்று தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது, "நல்லா இரும்மா" என்பதுதான்.

கன்னியம்மாள் உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்து வந்தாள். வேதாசலத்துக்கும் மகளுக்கும் கொடுத்தாள். வேலைக்காரி நிற்கிற மாதிரி, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அண்ணன் பக்கம் அவள் திரும்பவில்லை.

"உங்களுக்கும் கொண்டாரட்டுங்களா, ஐயா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

ராஜகோபால் வேதாசலத்தின் முகத்தைப் பார்த்தார்.

"ஆங், கொண்டா" என்றார்.